மூன்று சுழி

ஜூன் 21

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் சுகம். உன் விடுதியில் செல்போன் கூடாது என்று சொன்னாலும் சொன்னார்கள், விசிலைத் தவிர எதையும் பிடித்துப் பழகாத என் கை பக்கம் பக்கமாக எழுதுகிறது.

முழங்கால் போன டிரில் மாஸ்டரை என்ன செய்வது என்று தெரியாமல் பயிற்சிக்கு அனுப்பி, மணநல ஆலோசகர் ஆக்கினார்கள் இல்லையா? இப்போது அறையும் கொடுத்துவிட்டார்கள். எது தெரியுமா? என் பழைய பந்து அறையேதான்! எத்தனை கழுவினாலும் தோல் பந்து வாசம் போக மாட்டேன் என்கிறது. இரண்டு நாற்காலி, ஒரு மேசை, சுவரில் ஒரு கன்னாடி. ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

எப்படி வரும்? இத்தனை வருஷம் விசில் ஊதி ஓடவிட்டவனிடம் யார் வந்து மணசைத் திறப்பார்கள்? போதாக்குறைக்கு, அந்தப் பக்கம் நடந்தாலே "என்னடா, பைத்தியமா?" என்று கேலி செய்கிறார்களாம். தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார்: "அரையாண்டுத் தேர்வு வரைக்கும் பாப்போம் சார். பிள்ளைங்க வரலைன்னா ரூம் மறுபடியும் பந்துக்குத்தான்." எனக்குப் பொறுக்கவில்லை. வேலை போகாது, மைதானத்து ஓரம் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். ஆனால் வர வேண்டிய பிள்ளைகள் எங்கே போவார்கள்?

வாசலில் ஒரு பெயர்ப் பலகை மாட்டினால் கொஞ்சம் மரியாதை வரும் என்று போர்டு எழுதுகிறவரிடம் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பார்ப்போம். வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா

*

ஜூலை 3

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். சிவப்பு மையைப் பார்த்து மயங்கி விழ வேண்டாம். கன்னாடி இல்லை, கண்ணாடி. மணசு இல்லை, மனசு. இரண்டு சுழி ன வேறு, மூன்று சுழி ண வேறு என்று நான் ஒன்றாம் வகுப்பிலிருந்து சொல்கிறேன்!

இதையெல்லாம் விடப் பெரிய கூத்து, "மணநல ஆலோசகர்". அப்பா, மனம் என்றால் உள்ளம். மணம் என்றால் கல்யாணம்! உண்மையைச் சொல்லுங்கள், போர்டுக்காரரிடம் கொடுத்த சீட்டிலும் இப்படித்தான் எழுதினீர்களா? ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொண்டு வாருங்கள்.

இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது. பக்கத்துக் கட்டில்காரி தூக்கத்தில் கணக்குச் சூத்திரம் சொல்கிறாள். எதற்குப் பிறகு எது வரும் என்று எனக்கே மனப்பாடமாகிவிட்டது.

உங்கள்,
வாத்தியாரம்மா

*

ஜூலை 17

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

உன் கடிதம் வருவதற்குள் மானம் கப்பலேறிவிட்டது. பலகை வந்து, ஆணியும் அடித்தாகிவிட்டது. பச்சைப் பெயிண்டில், மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்தே தெரியும்படி: மணநல ஆலோசகர்.

முதல் இடைவேளையிலேயே எட்டாம் வகுப்பு மொத்தமும் வாசலில். "சார், எனக்கு ஒரு பொண்ணு பாருங்க சார்!" என்றான் ஒருவன். "முதல்ல மூக்கைத் துடைடா மாப்பிள்ளை" என்றேன். அவ்வளவுதான், கூரை பறந்துவிட்டது. என்னைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்து நான் பார்த்ததே இல்லையம்மா. எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

ஆனாலும் வெட்கம் பிடுங்கித் தின்றது. பலகையைக் கழற்ற ஒரு ஏனி வாங்கி வந்தேன். அப்போது நம் பள்ளி அணியின் கோல்கீப்பர் வந்தாள். "கல்யாணப் பொண்ணு வர்றா, வழி விடுங்க!" என்று தோழிகள் கத்த, அவளும் சிரித்துக்கொண்டேதான் நுழைந்தாள். நாற்காலியில் உட்கார்ந்ததும் கன் கலங்கிவிட்டது. "சார், நிஜமா ஒண்ணு சொல்லலாமா?"

என்ன சொன்னாள் என்று உன்னிடமும் சொல்ல மாட்டேன். அந்த அறையில் பேசியது அறையோடு. முதலில் ஒரு டம்ளர் தன்னீர் கொடுத்தேன், பிறகு வாயை மூடிக்கொண்டு கேட்டேன். போகும்போது முகம் தெளிந்திருந்தது. "என்னடி ஆச்சு?" என்ற தோழிகளிடம், "மாப்பிள்ளை உயரம் பத்தலைடி" என்றாள்!

அப்போதுதான் என் மண்டைக்கு உறைத்தது. கேலி பண்ணப் போகிற மாதிரி யார் வேண்டுமானாலும் இங்கே வரலாம். ஒருத்தரும் பைத்தியம் என்று சொல்ல மாட்டார்கள். ஏனியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது தினமும் வரன் வருகிறது.

அன்புடன்,
அப்பா

*

ஆகஸ்ட் 5

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பலகைக் கதை நன்றாக இருந்தது. இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது. படிக்க நிறைய இருப்பதால் நீளமாக எழுத முடியவில்லை. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

உங்கள் மகள்

*

ஆகஸ்ட் 12

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

போன கடிதத்தில் ஏணி, கண், தண்ணீர் மூன்றையும் வேண்டுமென்றே தப்பாக எழுதினேன். நீ பிடித்துத் திட்டுவாய் என்று ஆசை ஆசையாகக் காத்திருந்தேன். ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. உறைக்குள் விரலை விட்டுத் துழாவிப் பார்த்தேன். உன் கடிதம் மட்டும்தான் இருந்தது. அதில் "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று இரண்டு தடவை இருந்தது.

அம்மா இன்றைக்கே கிளம்பு என்கிறாள். சொல்லாமல் வந்து நின்றால் உனக்குச் சங்கடமாக இருக்குமோ என்று நான்தான் கையைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறதம்மா. மறைத்து என்ன ஆகப் போகிறது?

இங்கே ஒரு புதுத் தலைவலி. அதிகாரி பார்வையிட வருகிறாராம். "பிள்ளைங்க வர்றாங்க, சந்தோஷம்தான் சார். அதுக்காக ஒரு பள்ளிக்கூடத்து வாசல்ல எழுத்துப்பிழையா?" என்கிறார் தலைமையாசிரியை. பலகையை மாற்றினால் வரன்கள் நின்றுவிடுமோ என்று எனக்கு ஒரே கவலை.

அதுவரைக்கும் அறை திறந்துதான் இருக்கும். வெளியூர் வரன்களும் பார்க்கப்படும்.

அன்புடன்,
அப்பா

*

ஆகஸ்ட் 20

மணநல ஆலோசகர் அவர்களுக்கு,

பொருள்: வரன் சம்பந்தமாக.

பெண்ணுக்கு வயது பதினாறு. உயரம், அப்பாவின் தோள் வரை. குணம் தங்கம் (அம்மா சொன்னது). எழுத்துப்பிழை கண்டால் கோபம் வரும். மாப்பிள்ளை வேண்டாம்.

அப்பா, நிஜமாக ஒன்று சொல்லலாமா?

முதல் தேர்வில் மதிப்பெண் குறைந்துவிட்டது. அதிலிருந்து வினாத்தாளைக் கையில் வாங்கினாலே நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. கை நடுங்குகிறது. தெரிந்ததெல்லாம் மறந்துபோகிறது. படுத்தால் தூக்கம் இல்லை, உட்கார்ந்தால் சாப்பாடு இறங்கவில்லை. இங்கே எல்லோரும் கெட்டிக்காரிகள், யாரிடம் போய்ச் சொல்வது? ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் தேற்றுகிறவரின் பெண்ணே இப்படியா என்று உங்களைக் கேட்டுவிடுவார்களோ என்றும் பயம்.

உங்கள் பிழைகளை நான் பார்த்தேன் அப்பா. சிவப்புப் பேனாவைத் திறந்தேன். யாருடைய தப்பையும் பார்க்கப் பிடிக்கவில்லை. அழுகை வந்தது. மூடி வைத்துவிட்டேன்.

வருவீர்களா?

*

ஆகஸ்ட் 25

என் கண்ணே,

சனிக்கிழமை முதல் வண்டியில் அம்மாவும் நானும் வருகிறோம். மதிப்பெண்ணாவது மண்ணாங்கட்டியாவது! எங்களுக்கு நீதான் வேண்டும். உன் கடிதத்தைப் படித்து அழுதேன். "குணம் தங்கம்" வந்ததும் சிரித்தும்விட்டேன். அம்மா எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோனாள்.

நான் அப்பாவாகத்தான் வருவேன், ஆலோசகராக இல்லை. சொந்தப் பிள்ளை ஆடுகிற ஆட்டத்துக்கு அப்பன் நடுவராக நிற்கக் கூடாது. என்னோடு ஆலோசகர் பயிற்சி எடுத்த ஒரு அம்மா நீ படிக்கிற ஊரில்தான் இருக்கிறார். நீ சரி என்றால் போய்ப் பார்க்கலாம். இல்லையென்றால் மைதானத்தில் சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம்.

சொன்னாயே, அது போதும் எனக்கு.

அப்பா

*

அக்டோபர் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை விடுதி முழுக்கப் படித்துக் காட்டினேன். புதுப் பலகை வந்ததும், சரியாக இரண்டு சுழி போட்டு "மனநல ஆலோசகர்" என்று மாட்டியதும், மறுநாள் காலையில் யாரோ சாக்பீஸால் மூன்றாவது சுழியைச் சேர்த்து வைத்திருந்ததும்! துடைக்கத் துடைக்கச் சுழி முளைக்கிறதென்றால் சிரிக்காமல் என்ன செய்வது? அதைவிட, தலைமையாசிரியை பந்துகளுக்கு வேறு அலமாரி வாங்கிவிட்டார் என்று படித்ததும் கட்டில்மேல் ஏறிக் குதித்தேன். அறை இனி உங்களுக்கும் உங்கள் வரன்களுக்கும்தான்.

நான் வாராவாரம் அந்த அம்மாவைப் பார்க்கிறேன். போன தேர்வில் கை நடுங்கியது, ஆனாலும் பேனா கீழே விழவில்லை. எழுதி முடித்துவிட்டேன். தூக்கம் வருகிறது. பக்கத்துக் கட்டில்காரியின் சூத்திரங்கள் இப்போது பாதிதான் காதில் விழுகின்றன. இந்த வாரம் அவளும் என்னோடு வந்தாள். "எங்கடி போறீங்க?" என்று வாசலில் காப்பாளர் கேட்டதற்கு, "வரன் பாக்க" என்று சொல்லிவிட்டாள். அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

கடிதத்தைத் திருத்தி வைத்திருக்கிறேன். இந்த முறை பிழைகளை எண்ணக்கூட முடியவில்லை, உங்களுக்கு வெட்கமே இல்லையா? பேனாவில் மை தீர்ந்துபோய்ப் பாதியில் புதுசு வாங்க வேண்டியதாயிற்று.

அடியில் "அன்புடன், மணநல ஆலோசகர்" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே, அதில் மட்டும் கை வைக்கவில்லை. அது சரியாகத்தான் இருக்கிறது.

உங்கள்,
வாத்தியாரம்மா