இருபத்திரண்டாம் பக்கம்

மார்ச் 3
மூட்டுவலி. மரண தண்டனை ஒழிப்புச் சங்கத்துக்குப் போனேன். என் மகனைக் குத்திக் கொன்றவனின் கருணை மனு மேசையில் இருந்தது. "சார், இதை மட்டும் நீங்க தொடவேணாம். நானே பார்த்துக்கிறேன்," என்றார் வக்கீலம்மா. "பரவாயில்லம்மா, என் வேலைதானே," என்றேன். முப்பது வருடமாக ஒவ்வொரு மனுவையும் அடிக்கோல் வைத்து வரிவரியாகச் சரிபார்ப்பவன் என்பதாலா அப்படிச் சொன்னேன்? பொய்.

மார்ச் 5
மனைவி: "ஊரான் பெத்ததுக்கெல்லாம் மனு எழுதினீங்க. நம்ம பையனைக் கொன்னவனுக்குமா? ஈ எறும்பை மிதிக்காத மகான்!"

மார்ச் 6
செய்துவிட்டேன். இருபத்திரண்டாம் பக்கத்தை, சிறை மருத்துவரின் சான்றை, உருவி இந்த நாட்குறிப்புக்குள் வைத்தேன். "எல்லாப் பக்கங்களும் சரி" என்று கையெழுத்திட்டேன். ஒரு பக்கம் குறைந்தாலும் மனுவை ஏற்கமாட்டார்கள். கெடு பத்தொன்பதாம் தேதி. பிறகு கயிறுதான்.

மார்ச் 9
அந்தப் பக்கத்தைப் படித்தேன். விடியற்காலையில், தூக்குக்கு அழைத்துப்போகும் அந்த நேரத்தில், பூட்டுச் சத்தம் கேட்டாலே அவன் சுவரோரம் போய் ஒண்டிக்கொள்கிறானாம். உடை நனைந்துவிடுகிறதாம். நன்றாக வேண்டும்.

மார்ச் 10, 11, 12
படித்தேன். நன்றாக வேண்டும்.

மார்ச் 17
மனைவி அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டாள். நின்றபடியே முழுக்கப் படித்தாள். "உங்க உடம்புலயும் ரத்தம்தான் ஓடுதா!" என்றவள் என் தோளில் கை வைத்தாள். மகன் போனபின் முதல்முறையாக.

மார்ச் 18
வக்கீலம்மா போனில் அழுதார். "ஒரு பக்கம் குறையுதாம் சார். நாளைக்குத்தான் கடைசி. நீங்க பார்த்ததுல தப்பு இருக்காது. நான்தான் எங்கயோ விட்டுட்டேன்."
என்னைச் சந்தேகப்படக்கூடாதா அந்தப் பெண்?
எத்தனை மேடையில் பேசியிருக்கிறேன் — அரசாங்கம் கொல்வதில்லை, யாரோ ஒரு குமாஸ்தா கையெழுத்துப் போட்டுக் கொல்கிறான் என்று. யாருடா அந்தக் குமாஸ்தா? நீதானே?

மார்ச் 19
கொண்டுபோய்க் கொடுத்தேன். "நான்தாம்மா எடுத்தேன்." வக்கீலம்மா என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு ஓடினார். வீட்டில் மனைவி நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்தாள். தன் தலையணையை எடுத்துக்கொண்டு மகனின் அறைக்குப் போய்விட்டாள்.
அவன் சாகவேண்டும் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். என் கையெழுத்தில் வேண்டாம்.

ஆகஸ்ட் 2
ஆயுள் தண்டனையாகக் குறைத்துவிட்டார்கள். மனைவியிடம் கதவுக்கு வெளியே நின்று சொன்னேன்.

ஆகஸ்ட் 3
ஐந்து மணிக்கே விழித்துவிட்டேன். அங்கே பூட்டைத் திறந்திருப்பார்கள். இன்று அவன் சுவரோரம் ஒண்டியிருக்கமாட்டான். வயிறு எரிந்தது.