மோத்திக்காகச் சாத்தப்போகும் கதவு

சத்தமில்லாமல் சிரிக்கும் என் அண்ணனுக்கு,

நீ இல்லாத முதல் தீபாவளி இது. துக்க வீடு என்பதால் நமக்குப் பண்டிகை இல்லை. அம்மா அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. பக்கத்து வீடுகளிலிருந்து அதிரசமும் முறுக்கும் வந்தன. வாங்கி வைத்தோம், யாரும் தொடவில்லை. உன் நாய் மோத்திகூட மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

அவனைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் வாய்ப்பேச்சும் வராது, உனக்குத் தெரியும். இதை மட்டும் யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

போன வருஷம்வரை வெடிச்சத்தம் கிளம்பியதும் நீ கதவைச் சாத்திவிட்டு மோத்தியோடு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாய். அவன் காதுக்குள் நீ வேலைக்குப் போகும் வழியிலுள்ள ரயில் நிலையங்களின் பெயரை ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருப்பாய். சயான், குர்லா, காட்கோபர், பாண்டுப். பாண்டுப்பில் உன் கம்பெனி வந்துவிடும், மறுபடி சயானிலிருந்து தொடங்குவாய். அவன் நடுக்கம் நின்று கண் சொருகிவிடும்.

நேற்று விடியற்காலையில் எண்ணெய்க் குளியல் முடிந்து தாராவியின் நம் தமிழ் ஆட்கள் வெடிக்கத் தொடங்கியதும் நானும் கட்டிலுக்கடியில் போனேன். காதில் பஞ்சு வைத்தேன், உதறிவிட்டான். உன் பழைய சட்டையைப் போர்த்திவிட்டு, "சயான், குர்லா" என்று ஆரம்பித்தேன். காட்கோபர் வருவதற்குள் அம்மா அடுப்படியிலிருந்து, "போதும்ட்டி. அந்த ரயில் பேச்சு இந்த வீட்டுல வேண்டாம்" என்றாள். அப்புறம் எப்படிச் சொல்வது? நீ விழுந்த ரயில் அல்லவா அது.

வெடியைக் கொஞ்சம் தள்ளிப் போய்ப் போடச் சொல்லலாம் என்று பக்கத்து வீட்டு முருகேசன் அண்ணாச்சியிடம் போனேன். அவர் மகளுக்குத் தலை தீபாவளி. மருமகனுக்காக வாங்கிய சரவெடியை வாசலில் விரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னட்டி, உனக்கும் ஒரு கட்டு வேணுமா?" என்றார்.

வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். மருமகன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "மோத்தி பயப்படுது" என்றேன்.

"நாய்தானட்டி, பயப்படட்டும். இந்தக் கல்லித் தெருவே பயப்படணும்னுதான் எம் மருமவன் வெடி போடுதாரு."

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட மனுஷர் இல்லை அவர். உன்னைச் சுமந்த நாலு பேரில் ஒருவர். நீ கேட்டிருந்தால் தோளில் கைபோட்டுக்கொண்டு சாலை முனைக்கு நகர்ந்திருப்பார். நான் கேட்டால் ஏன் சிரிப்பு வருகிறது?

காலை எப்படியோ கழிந்தது. சாயங்காலம்தான் எனக்குப் பயமாக இருந்தது. கதவைச் சாத்திவிட்டால் பாதிச் சத்தம் குறையும். ஆனால் விளக்கு வைத்ததும் அம்மா எழுந்து கதவை அகலத் திறந்து, காற்றில் சாத்திக்கொள்ளாமல் அம்மியை முட்டுக் கொடுத்தாள்.

"அம்மா, மோத்தி ஓடிருவாம்மா."

"சாத்தாதட்டி. விளக்கு வச்ச நேரத்துல எம் புள்ள வந்து, பூட்டுன கதவப் பாத்துட்டுத் திரும்பிருவான்."

உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். காலையில் சோற்று டப்பாவோடு போன நீ இந்த வாசலை மறுபடி மிதிக்கவே இல்லை. அதனால் அம்மாவுக்கு நீ இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லை. அப்பாவும் இல்லாத வீட்டில் அவளோடு சண்டை போட எனக்கு மனசு வருமா?

மோத்தியைக் கட்டில் காலில் கட்டி, கயிற்றைக் கையிலும் பிடித்துக்கொண்டு அவன்மேல் படுத்துக்கொண்டேன். சாக்கடை ஓரம் ஓர் ஆட்டம்பாம் வெடித்தது. முடிச்சு அவிழ்ந்து, கயிறு என் கையைக் கிழித்துக்கொண்டு போனது. நான் எழுவதற்குள் அவன் வாசலைத் தாண்டிவிட்டான்.

பின்னால் ஓடினேன். சாலையில் ஆண்கள் கூட்டம். அவன் பெயரைக் கூப்பிட வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. பீடிக்கடை காதர் பாய் என்னைப் பார்த்துவிட்டுக் கடையை அப்படியே விட்டு வந்தார். நான் இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்தேன்.

"உன் சத்தம் உனக்கே கேக்காது போலயே, தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, எனக்கும் சேர்த்து அவரே, "மோத்தி, ஆஜா பேட்டா, வாடா மகனே" என்று கத்திக்கொண்டே நடந்தார்.

ஊருக்குத் தண்ணீர் போகும் பெரிய இரும்புக் குழாய்க்கு அடியில் ஒடுங்கிக் கிடந்தான் மோத்தி. முன்னங்கால் வெந்திருந்தது, எரிந்த வெடியை மிதித்திருப்பான். இழுத்தால் உறுமினான். என்னைப் பார்த்து அவன் உறுமியது இதுதான் முதல் தடவை. அவனாக வெளியே வரும்வரை சேற்றிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்தக் குழாயைத் தாண்டினால் தண்டவாளம், அண்ணே.

வீட்டுக்கு வந்தபோதும் கதவு திறந்தேதான் இருந்தது. அம்மா வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்து, உடனே வாடிவிட்டது.

இன்று லட்சுமி பூஜை. இந்த ஊர்க் கடைக்காரர்கள் எல்லோரும் வெடிக்கும் நாள், நேற்றைவிட அதிகம் இருக்கும். மோத்தி காலை நக்கிக்கொண்டு கட்டிலுக்கடியில் கிடக்கிறான். கஞ்சி வைத்தேன், குடிக்கவில்லை. அம்மா இப்போதே விளக்கைத் துடைக்கத் தொடங்கிவிட்டாள்.

இன்று நான் கதவைச் சாத்தப்போகிறேன். அம்மா அழுவாள், அடித்தாலும் அடிப்பாள். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்துகொள்வேன். பேச முடியாதவளால் உட்கார முடியும்.

நீ வருகிறாயா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அம்மா சொல்வதுபோல வந்துவிட்டால், கதவு சாத்தியிருக்கிறதே என்று திரும்பிப் போய்விடாதே. வெடி அடங்கியதும் நானே எழுந்து திறக்கிறேன், இது சத்தியம். அதுவரைக்கும் நீ வெளியேதான் நிற்க வேண்டும், அண்ணே.

உன் கூடப்பிறந்தவள்,
தங்கக்கனி
தாராவி