வளைவில் கேட்ட உன் குரல்

வெனிஸ்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அல்வீசெக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் ஹெலனும் சுகமாகத்தான் இருப்பீர்கள். எங்கள் சுகத்தை நீ கேட்காததால் நானே சொல்லிவிடுகிறேன். பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவுக்கு வலது கை இன்னும் எழும்பவில்லை. எனக்கு ரத்தக் கொதிப்பு, அது வியாழக்கிழமையிலிருந்து உன்னால்.

மெல்போர்னில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, இந்த வருஷம் வர முடியாது என்று போனில் சொன்னவன், வியாழக்கிழமை மாமனார் மாமியாரைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றிப் பார்க்க வந்திருக்கிறாய். மணிக்கூண்டு, அரண்மனை, புறாக்களோடு போட்டோ, எல்லாம் பார்த்தாயிற்று. பெற்றவர்கள் மட்டும் பார்க்கத் தகுந்த இடம் இல்லை போலிருக்கிறது. அதோடு விட்டாயா? கோண்டோலாப் படகில் காசு கொடுத்து ஏறி உட்கார்ந்தாயே, நாற்பது வருஷம் துடுப்புப் போட்டவர் பிள்ளை! இந்த ஊரில் பிறந்தவன் எவனாவது அப்படிப் போவானா? தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டால் ஆள் தெரியாது என்று நினைத்தாய். நம் வீட்டுக்குக் கீழே கால்வாய் வளைகிற இடத்தில், படகோட்டி வாயைத் திறக்குமுன் நீயே "ஓ...யே!" என்று குரல் கொடுத்துவிட்டாய். எதிரில் வரும் படகை எச்சரிக்காமல் அந்த மூலையைத் தாண்ட உன் தொண்டைக்குத் தெரியாது. நான் ஜன்னலுக்கு ஓடி வந்தபோது உன் முதுகுதான் தெரிந்தது. உன்னை ஏற்றிப் போன பெப்பி சாயங்காலம் வந்து சொன்னான்: "உனக்கு இங்க யாராச்சும் இருக்காங்களான்னு அவன் மாமனார் கேட்டார் அத்தை. யாரும் இல்லன்னுட்டான். துடுப்பாலயே ஒண்ணு போடலாம்னு வந்துச்சு." போட்டிருக்கலாம். படகோட்டி மகன் என்று சொல்ல அவ்வளவு கூச்சமா உனக்கு?

இதை அப்பாவிடம் நான் சொல்லவில்லை. உன் குரலைக் கேட்டதும் அவர் தானாகவே எழுந்து உட்கார்ந்தார், எட்டு மாதத்தில் முதல் தடவை. "நம்ம பயதான்டி! படகைக் கட்ட இடம் தேடுறான், மத்தி மீனை எடுத்து வை" என்றார். வெங்காயமும் வினிகரும் போட்டு ஊறவைத்த மீன், உனக்குப் பிடித்தது. மூன்று தட்டு வைத்தேன். இன்றோடு நாலு நாள், மூன்றாவது தட்டை எடுக்க விடமாட்டேன் என்கிறார். "தண்ணி ஏறியிருக்கு, பாலத்துக்கு அடியில படகு நுழையாது. இறங்கட்டும், வருவான்" என்கிறார். ஏறின தண்ணீர் ஆறு மணி நேரத்தில் இறங்கிவிடும் என்று அவருக்கா தெரியாது?

சலூத்தே கோயில் மாதா உன்னைக் காக்கட்டும். உனக்காக மெழுகுவர்த்தி ஏற்றினேன், கோபத்தோடுதான். ஹெலனுக்கு என் ஆசீர்வாதம், அவள் மேல் குற்றமில்லை. குளிரில் கழுத்தை மூடிக்கொள். அந்தத் தொண்டை உன் அப்பா கொடுத்தது.

உன் அம்மா,
நொரீனா