கல்லறைக் கல்லுக்கு ஒரு ஸ்பானியச் சொல்

என் பிரியமுள்ள பிலார் சிஸ்டருக்கு,

மொரப்பூர் ரோட்டோரக் கல்லறையில் நேற்றுத்தான் உங்கள் கல்லை நட்டார்கள். நல்ல சேதிதான். ஆனாலும் ஒரு வாரமாக இந்த ஊர் ஆண்களை நினைத்தாலே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ஸ்பெயினிலிருந்து உங்கள் அண்ணன் வரப்போகிறாராம். அவர் வாசிக்கும்படி உங்கள் பாஷையிலும் ஒரு சொல் வெட்டலாம் என்றார் பங்குச் சாமியார். இங்கே அந்தப் பாஷை தெரிந்தவள் நான் ஒருத்திதானே? உங்கள் ஜெபப்புத்தகத்தையும் என் ஜெபப்புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உங்கள் ஆஸ்பத்திரியில் நான் கணக்கெழுதிய வரவு செலவு நோட்டின் கடைசித் தாள்களில் எழுதி எழுதிக் கற்றவள்.

கல் வைக்கும் கமிட்டிக்குத் தலைவர் யார் தெரியுமா? ரைஸ்மில்காரர். "சாந்தமே உருவானவங்க. இனிமையானவங்கன்னு போடும்மா" என்றார். மற்ற ஆண்களும் தலையாட்டினார்கள். 'வெள்ளைப் பேய்' என்று உங்கள் ஆஸ்பத்திரி வாசலில் துப்பிவிட்டுப் போன வாய்கள் இவைதானே சிஸ்டர்? என்மேலும் அருவருப்புதான். எதிர்த்துப் பேசாமல் 'துல்தே' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இனிமை. பாயசத்தைச் சொல்லலாம். உங்களையா?

பிரசவத்துக்கு வந்தவளின் ரத்தத்துணியை அவள் புருஷன்தான் அலச வேண்டும் என்பது உங்கள் சட்டம். மில் ஓடுகிறதென்று மனைவியை இரண்டு நாள் வலியோடு வீட்டில் போட்டிருந்தார் இந்த ரைஸ்மில்காரர். தாயும் பிள்ளையும் பிழைத்ததும் வாளியை அவர் கையில் கொடுத்துக் குழாயடியில் உட்கார வைத்தீர்கள். ஊரே பார்த்தது. அதற்குப் பிறகு வலி கண்டவுடன் எத்தனை பேர் வண்டி பூட்டினார்கள்!

வீட்டுக்கு வந்து 'தெமீப்லே' என்று எழுதிப் பார்த்தேன். பயப்பட வேண்டியவர். அரிவாளோடு நிற்கிற குடிகாரனும் அப்படித்தான். அவனைக் கண்டால் ஓடுவோம். உங்களைக் கண்டு நாங்கள் ஓடவில்லையே. சொல்ல வந்த பொய்யை விழுங்கிவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றோம். அதற்குச் சொல் 'இம்பொனென்தே'. தொப்பூர்க் கணவாயில் பஸ் திரும்பும்போது எதிரே எழும்பிய மலையைக் காட்டி நீங்களே சொன்னது.

மறுநாள் காலை சொல்லை மாற்றக் கல்தச்சரிடம் ஓடினேன். ரைஸ்மில்காரர் மனைவியோடு அங்கே நின்றிருந்தார்.

"மாத்தணுமா? புதுசுக்கு என்னம்மா அர்த்தம்?" என்றார் அவர்.

"எதுத்தாப்புல நின்னா நம்மள நிமிர வெக்கிறவங்கன்னு அர்த்தங்க."

"செத்தவங்களுக்கு இதெல்லாம் எதுக்கு? இனிப்பாவே இருந்துட்டுப் போகட்டும்."

அவர் மனைவி குறுக்கே வந்தாள். "சும்மா இருங்க. அவங்க இனிப்பா இருந்திருந்தா நான் இந்நேரம் வூட்டுச் செவுத்துல போட்டோவா தொங்கிட்டிருப்பேன். நீங்க இன்னொருத்தியக் கட்டிக்கிட்டு எனக்கு ஊதுபத்தி கொளுத்திட்டிருப்பீங்க." தச்சரைப் பார்த்து, "அண்ணா, இந்தம்மா சொல்றத வெட்டுங்க" என்றாள்.

தச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு உளியை எடுத்தார்.

உங்கள் அண்ணன் வந்ததும் இவர்கள் ஆளுக்கொரு மாலையோடு உங்களைப் புகழ்வார்கள். அதை அவர் பாஷையில் எடுத்துச் சொல்ல என்னைத்தான் கூப்பிட வேண்டும். ஆண்டவர் சாட்சியாகச் சொல்கிறேன், அந்தப் புகழில் ஒரு வார்த்தையைக்கூட அவரிடம் சேர்க்க மாட்டேன். எங்களை நீங்கள் திட்டியதைத் திட்டியபடியே சொல்வேன்.

நிறையத் திட்டு வாங்கிய உங்கள் தங்கை,
சூசையம்மாள்