வாய் மூடியிருந்த நாட்கள்

7-6-94
மறுபடியும் காய்ச்சல். எச்சில் விழுங்கினால் காது வரை வலிக்கிறது. கோயமுத்தூர் டாக்டர் இன்று முடிவாகச் சொல்லிவிட்டார், "டான்சிலை எடுத்துரலாமுங்க. அப்புறம் பத்து நாள் பேசக்கூடாது."

அம்மா சிரித்தாள். "இவ பேசாம இருக்கறதா? அதுக்கு ஆபரேசனே லேசுங்க டாக்டர்."

இவர் சிரிக்கவில்லை. கல்யாணமாகி எட்டு மாதம். நான் பேசுவேன், இவர் "செரி" என்பார். பகலெல்லாம் தறிச் சத்தத்தில் நிற்பதால் வீட்டிலும் பேச்சு வராதாம். இவருடைய அக்கா பாவாத்தாள் சொல்கிறார். அப்படியா, இல்லை என்னைப் பிடிக்கவில்லையா? ஆபரேசனைவிட இதுதான் எனக்குப் பயம்.

19-6-94
ஆஸ்பத்திரியில் சேர்ந்தாயிற்று. காலையில் ஆபரேசன். அதுவரை தண்ணீர்கூடக் கூடாது.

20-6-94
ஆபரேசன் நடக்கவில்லை! எல்லாம் என் புத்தி.

விடிந்ததும் பாவாத்தாள் அண்ணி சோமனூரிலிருந்து பிளாஸ்கோடு வந்துவிட்டார். "ஒரு வாய் காப்பி குடி அம்மணி, வெறும் வயித்தோட போவாதே." கூடாதுங்க என்றேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. அவ்வளவு தூரம் தூக்கி வந்தவரிடம் எப்படி வேண்டாம் என்பது? குடித்துவிட்டேன். நர்ஸ் கேட்டதும் உளறியும் விட்டேன்.

டாக்டர் கத்தினார். "மயக்கத்துல வாந்தி வந்து மூச்சுக்குழாயில போனா உசுரே போயிருமுங்க!" இவர் முகம் வெளுத்துவிட்டது. அப்போதும் ஒரு வார்த்தை இல்லை. திட்டியாவது தொலைக்கக் கூடாதா மனுஷன்?

21-6-94, காலை
இவர் அறைவாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அண்ணி திரும்பவும் பிளாஸ்கோடு வந்தார். இவர் எழுந்து மறித்தார்.

"இன்னிக்கு வேண்டாங்கக்கா. அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்னங்க பண்ணுவேன்?"

அக்காவிடம் இவர் மறுத்துப் பேசி நான் பார்த்ததே இல்லை. அழுகை வந்துவிட்டது. பயந்து அழுகிறேன் என்று நர்ஸ் தட்டிக்கொடுக்கிறாள். கூப்பிடுகிறார்கள் — போகிறேன்.

22-6-94
வலி. வலி. வலி.

24-6-94
வீட்டுக்கு வந்துவிட்டேன். கையை ஆட்டிக் காட்டினால் அம்மா போர்வையைத் தருகிறாள், அப்புறம் சொம்பைத் தருகிறாள். இவர் வாசலிலிருந்தே பார்த்துவிட்டு வந்து தலையணையை உயர்த்தி வைத்தார். அதேதான்! தறிக்கூடத்துச் சத்தத்தில் எல்லோரும் கையால்தான் பேசிக்கொள்வார்களாம்.

27-6-94
தறியை நிறுத்தியதும் ஐஸ்கிரீம் கிண்ணத்தோடு வந்து உட்காருகிறார். நான் விழுங்கும் வரை ஏதாவது பேசுகிறார். இவர்தானா என்று இருக்கிறது. இன்று சொன்னது:

"பொண்ணு பாக்க வந்தன்னிக்கு எங்கம்மாகிட்ட ஓயாம பேசுனே பாரு, இதைக் கேட்டுட்டே காலம் போயிரும்னு அப்பவே நெனச்சேன் அம்மணி. நடுவுல நான் பேசுனா நீ நிறுத்திப்போடுவியேன்னுதான் சும்மா இருந்தேன்."

அடப்பாவி மனுஷா! இதை எட்டு மாதமாகவா வயிற்றுக்குள் வைத்திருந்தீர்?

1-7-94
இவர் வண்டியை நிறுத்தப் போயிருந்தபோது டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "நல்லா ஆறிருச்சுங்க. இனிமே பேசலாம்." ரொம்ப சந்தோஷமுங்க என்றேன். என் குரல்தான், கொஞ்சம் மெலிந்திருந்தது.

வெளியே இவர் ஓடி வந்தார். "டாக்டர் என்ன சொன்னாரு அம்மணி?"

தொண்டையைத் தொட்டு இல்லையென்று தலையாட்டினேன். இன்னும் ரெண்டு நாள் என்று விரலைக் காட்டினேன்.

பாவம், நம்பிவிட்டார். சோமனூர் வரும்வரை வண்டியில் பின்னால் உட்கார்ந்து, அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே வந்தேன்.