நாளைக்கு ரெடி

அன்புள்ள கோபக்காரிக்கு,

நலம். நீயும் பாப்பாவும் நலமாக இருக்க வேண்டும். கிழித்துப் போடாமல் முழுசாகப் படி. சொல்ல அவ்வளவு இருக்கிறது, கை பறக்கிறது!

இனிமேல் வர்ற தேதியே எழுதாதீங்க என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். உனக்கு வேலை மாற்றலாகி இரண்டு வருஷம். தையல் கடையைக் காலி செய்துவிட்டு அடுத்த மாதம் வந்துவிடுகிறேன் என்று நானும் இரண்டு வருஷமாக எழுதிக்கொண்டிருந்தேன். கோபம் நியாயம்தான்.

இரண்டு மாதம் முன்பு ஒரு புத்த பிக்கு வந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். அங்கி தோளில் கிழிந்திருந்தது. பழக்க தோஷத்தில் நாளைக்கு ரெடி என்றேன். மறுநாள் வந்து நின்றார். மறுபடியும் நாளைக்கு என்றேன். சிரித்துக்கொண்டே போனார். இப்படி ஐந்து நாள்! ஆறாம் நாள் நானே கேட்டுவிட்டேன், உங்களுக்குக் கோபமே வராதா என்று. நாளைக்குன்னு நீங்கதானே சொன்னீங்க, அதான் வந்தேன் என்றார். தூக்கிவாரிப் போட்டது. மற்றவர்கள் என் நாளையோடு நான்கு நாள் சேர்த்துக்கொண்டுதான் வருவார்கள். என் பேச்சை அப்படியே நம்பியது இரண்டே பேர். ஒருவர் அவர். இன்னொருத்தி நீ.

அன்றே தைத்தேன். தைத்துக்கொண்டே உங்கள் ஒழுக்கம் என்ன என்று விசாரித்தேன். கொல்லாமை, கொடுக்காததை எடுக்காமை, தகாத உறவு கொள்ளாமை, பொய் சொல்லாமை, போதை தொடாமை. சந்தோஷமாக வாழ இந்த ஐந்து போதுமாம். நான்கில் நான் தேறிவிட்டேன் என்று குதித்தேன். கொசுவும் உயிர்தானாம், அது மூன்றாகிவிட்டது. மிச்சத் துணியில் வேறு மாட்டிக்கொண்டேன். பாப்பாவின் பாதிக் கவுன்கள் வாடிக்கையாளர்கள் துணிதானே! இப்போது துண்டுகளையும் சுருட்டிக் கட்டிக் கொடுத்துவிடுகிறேன்.

பொய் சொல்லாமைதான் பெரும்பாடு. பத்து நாள் ஆகும் என்று உள்ளதைச் சொன்னால், ஒரு அம்மா உங்களுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். சிலர் துணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனால் பத்தாம் நாள் சொன்னபடி கொடுத்தேன் பார், அந்த முகங்களை நீ பார்த்திருக்க வேண்டும்! இப்போது யாரைக் கண்டும் ஒளிவதில்லை. படுத்தால் தூக்கம் வருகிறது. இவ்வளவு லேசாக இருந்ததே இல்லை.

கைவசம் இருந்த துணியெல்லாம் முடித்தேன், புதிதாக வாங்கவில்லை, கடையையும் காலி செய்தேன். பிறகு உனக்கு எழுத உட்கார்ந்தேன். வருகிறேன் என்று எழுதக் கூசியது. வந்துவிட்டு எழுதினால் பொய்யாக வழியில்லையே என்று தோன்றியது.

உறையில் தபால்தலை இல்லை, கவனித்தாயா? உன் வீட்டுக்கு எதிரே மளிகைக் கடைப் படியில், என் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீங்கள் இருவரும் பள்ளிக்கூடம் விட்டு வர நான்கு மணி ஆகுமாம், கடைக்காரர் சொன்னார். கதவுக்கு அடியில் இதைத் தள்ளிவிடுவேன். முதலில் நீ படிக்க வேண்டும் என்றுதான் வாசலில் நிற்கவில்லை.

உள்ளே கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் நீயும் பாப்பாவும் மனசு நிறைய வாழ வேண்டும். படித்து முடித்ததும் ஒரு தடவை ஜன்னலைத் திறந்து பார், போதும்.

எதிர்ப்படியில் இருக்கும்,
உன் தையல்காரன்