சாப்பிடாத புட்டிங்

மார்ச் 3, ஞாயிறு

தங்கையும் நானும் மணிக்கூண்டுக்கு எதிரே திறந்திருக்கும் புதுக் கேக் கடைக்குப் போனோம். வாசலில் பலூன் கட்டிய கடையை நான் நம்புவதில்லை. உள்ளே சரக்கு இருந்தால் வெளியே எதற்குக் காற்று? சாக்லேட் கேக் வந்தது. கிரீமைத் தோண்டித் தோண்டிக் கேக்கைத் தேடவேண்டியிருந்தது. "கேக்குக்குக் கோட்டு தெச்சுப் போட்டிருக்காங்கடி, ஒரு சைஸ் பெரிசு" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசையே திரும்பிப் பார்த்தது. பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் உட்கார்ந்துகொண்டு வாரம் தவறாமல் இனிப்புத் தின்கிறவள் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

பத்துக்கு நாலு.

மார்ச் 6, புதன்

மழை. என் தையல் கடைக்கு ஜிப் மாற்ற வந்த மூன்று பேரைத் தவிர யாரும் வரவில்லை. திரும்பும்போது பஸ் நிறுத்தத்து ஐஸ்கிரீம் கடைக்குத் தனியாகப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் தங்கை கோபித்துக்கொள்வாள். பிஸ்தா ஐஸ்கிரீமில் பச்சை மட்டும் வேலைக்கு வந்திருந்தது. பிஸ்தா லீவு. பத்துக்கு மூன்று.

மார்ச் 11, திங்கள்
(அளவுச் சீட்டின் பின்பக்கம், தையல் கடையில்)

எழுதியே ஆகவேண்டும்.

பேன்ட் நீளம் குறைக்க வந்த பெண் போனை நீட்டினாள். "ஆன்ட்டி, எறும்புன்னு ஒருத்தர் ஊர்ல இருக்கிற ஸ்வீட் கடையப் பத்தியெல்லாம் எழுதறாங்க. சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது, படிச்சுப் பாருங்க."

படித்தேன். கேக்குக்குக் கோட்டு. ஒரு சைஸ் பெரிசு.

தங்கைதான், என் வாயைக் கிளறிவிட்டுப் போய் எழுதுகிறாள் என்று நினைத்தேன். விரலால் தள்ளிக் கீழே போனால் — பிஸ்தா லீவு! அதை நான் யாரிடமும் சொல்லவில்லையே. டைரியில் மட்டும்தானே எழுதினேன்?

அப்படியானால் யாரோ என் அலமாரியைத் திறந்து, துணிக்கு அடியில் கையை விட்டு, என் டைரியைப் படிக்கிறார்கள்.

வீட்டில் இருப்பது அவரும் நானும். அவரா? தண்ணீர் மீட்டர் ரீடிங் எடுத்து ஓய்வு பெற்ற மனுஷன். எண்ணைத் தவிர எதையும் படித்து நான் பார்த்ததில்லை. இனிப்பைத் தொடவும் மாட்டார். ஆனால் ஞாயிறு மத்தியானம் அந்த அறையில் ஒரு மணி நேரம் படுத்து எழுந்திருப்பவள் ஒருத்தி உண்டு. கூடப் பிறந்தவள்!

இனி இந்த விஷயத்தை டைரியில் எழுதக்கூடாது. சீட்டுகள் பட்டன் டப்பாவில் இருக்கட்டும்.

மார்ச் 16, சனி

பாலத்தடியில் இருக்கும் சின்ன புட்டிங் கடைக்குத் தனியாகப் போனேன். கேரமல் புட்டிங். கிட்டே கொண்டுவரும்போதே திரிந்த பால் வாசனை. கரண்டியை வைத்ததும் புட்டிங் பயந்து விலகியது. அதைவிட எனக்குப் பயம். பத்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் கோப்பைக்கு.

மார்ச் 16, சனி
(சீட்டு)

நான் அங்கே போகவே இல்லை. பஸ் ஜன்னல் வழியாக அந்தக் கடையைப் பார்த்ததோடு சரி. டைரியில் எழுதியது பொறி.

ஏன் அந்தக் கடை? யார் கண்ணிலும் படாத கடை என்பதால். மாமியார் செய்கிறாளாம், மருமகள் விற்கிறாளாம். அந்தக் கூட்டணி எத்தனை நாளைக்கு? எப்படியும் மூடத்தான் போகிறார்கள்.

மார்ச் 17, ஞாயிறு

தங்கை வந்தாள். சந்தைத் தெரு வாஃபிள் கடை. கண்ணாடியை க்ளினிக்கிலேயே விட்டுவிட்டு வந்ததால் மெனுவை நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டினேன். வாஃபிளில் தேனைவிடக் கட்டம்தான் அதிகம். பத்துக்கு ஐந்து. அவள் வீட்டுக்கு வந்து வழக்கம்போல் ஒரு தூக்கம் போட்டாள்.

மார்ச் 18, திங்கள்
(சீட்டு)

வந்துவிட்டது! எழுத்துக்கு எழுத்து. 'அந்த ஒன்றும் கோப்பைக்கு.' இருநூறு பேருக்கு மேல் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள்.

பிடித்துவிட்டேன்.

மார்ச் 19, செவ்வாய்
(சீட்டு)

போன் செய்தேன். எடுத்த எடுப்பில் கேட்டேன். "எறும்பு நீதானேடி?"

"எந்த எறும்பு?"

"நடிக்காதே. நீ தூங்கற லட்சணம் இப்பத்தான் தெரியுது. என் டைரியை எடுத்துப் படிச்சிருக்கே."

சொன்னாள்: "அக்கா, ஞாயித்துக்கிழமை மெனுவை எனக்கு யார் படிச்சுக் காட்டினது? அந்தக் கொட்டை எழுத்தே தெரியல. உன் கோழிக் கிறுக்கலை நான் எப்படிப் படிப்பேன்?"

அவள் கண்ணாடி அன்று க்ளினிக்கில் கிடந்தது அப்போதுதான் உறைத்தது.

"வாராவாரம் என்கூட உக்காந்து சிரிச்சுக்கிட்டே என்னைச் சந்தேகப்பட்டிருக்கே. இனி தனியாவே போய்த் தின்னு" என்று வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை.

அப்படியானால்?

மார்ச் 20, புதன்

மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி உள்ளே போனேன். ஜன்னலோரம் அவர். மடியில் இந்த டைரி. ஒற்றை விரலால் போனைக் குத்திக்கொண்டிருந்தார். வாஃபிள் கட்டம் வரை வந்திருந்தது.

ஊமைக் கோட்டான் என்று நான் பெயர் வைத்த மனுஷன்! முப்பது வருஷம் வீடு வீடாய்ப் போய், மூடியைத் திறந்து உள்ளே இருப்பதைப் படித்து எழுதின ஆள். என் புத்திக்கு அது எட்டவில்லை பாருங்கள்.

"எதுக்குங்க இந்தத் திருட்டு வேலை?"

ஓடவில்லை, ஒளிக்கவில்லை. "நீ எழுதி எழுதி அலமாரிக்குள்ள வெச்சுடறே. நான் படிச்சுத் தனியா சிரிச்சுக்கிட்டிருந்தேன். எத்தனை நாளைக்குத் தனியா சிரிக்கிறது? நாலு பேர் படிக்கட்டுமேன்னு தோணுச்சு. கேட்டா நீ விடமாட்டே."

"எறும்புன்னு பேரு வேற."

"சக்கரை இருக்கிற இடத்துக்கு வரிசை தப்பாம போறது யாரு? அது உன் பேருதான்."

கோபம் வரவேண்டிய இடத்தில் அழுகை வந்தது. புட்டிங் கதையைச் சொன்னேன். நான் போகவே இல்லை, அத்தனையும் பொய் என்று. அவர் முகம் மாறிவிட்டது.

"நீ எழுதினா உண்மைன்னுதானே போட்டேன். ஒரு எழுத்தைக்கூட நான் சரிபார்க்கலையே" என்றார். பிறகு கேட்டார்: "அப்ப அந்தக் கடை?"

அதை நான் இன்றுவரை யோசிக்கவே இல்லை.

சீட்டுகளையெல்லாம் குண்டூசி குத்தி இதிலேயே சேர்த்துவிட்டேன். அவர் படிக்கட்டும்.

மார்ச் 21, வியாழன்

பாலத்தடி. நாலே நாலு நாற்காலி. நாலும் காலி. கண்ணாடிப் பெட்டிக்குள் கோப்பைகள் வைத்தது வைத்தபடி இருந்தன. மருமகளுக்கு முப்பது வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் அவசரமாக எழுந்தாள்.

"வாங்கம்மா. இன்னிக்குச் செஞ்சதுதான், பயப்படாதீங்க."

கேட்காமலே 'பயப்படாதீங்க' என்கிறாள்.

அவளாகவே கொட்டினாள். "திங்கக்கிழமையிலேர்ந்து ஆளே இல்லம்மா. யாரோ எழுதிட்டாங்களாம், பால் திரிஞ்சதுன்னு. பால் கொண்டுவர்றவரோட சண்டை போட்டு அவரை நிறுத்திட்டேன். அத்தைகிட்டயும் கத்திட்டேன், உங்களுக்கு வாசனை தெரியலையான்னு. அவங்க தன் மூக்கையே நம்பாம இருக்காங்க. இன்னிக்கு நான்தான் செஞ்சேன்."

ஒரு கரண்டி வாயில் வைத்தேன். நன்றாக இருந்தது.

"எழுதினது நான்தாம்மா" என்றேன். "இங்க வந்ததே இல்ல. வேற ஒருத்தரைப் பிடிக்கறதுக்காகப் பொய்யா எழுதினேன்."

திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் உள்பக்கம் திரும்பினாள். "அத்தை, இங்க வாங்க. உங்க மூக்குல ஒண்ணும் இல்ல. இவங்க சொல்றதைக் கேளுங்க."

அந்த அம்மாளிடம் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 22, வெள்ளி

'எழுதியது பொய். மன்னிக்கவும்.' எறும்பு பெயரில் நானே போட்டேன். நம்பியவர்கள் பாதி. மீதிப் பேர், 'கடைக்காரங்க நல்லா கவனிச்சுட்டாங்க போல' என்கிறார்கள். பொய்யைச் சொன்னபோது ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

மார்ச் 28, வியாழன்

தினமும் போகிறேன். இன்று இரண்டு நாற்காலியில் ஆள் இருந்தது. ஒன்றில் நான்.

மார்ச் 31, ஞாயிறு

தங்கை வந்தாள். மூக்கில் ஒரு கண்ணாடி, பையில் இன்னொன்று. "மெனுவை நானே படிச்சுக்கிறேன்" என்றாள். பாலத்தடிக்குக் கூட்டிப்போனேன். இன்று மாமியார் கை. கோப்பையை வைத்துவிட்டு நகரவில்லை, நான் கடைசிக் கரண்டி முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நல்லா இருக்கு என்றேன். "நிஜமாவா?" என்று தங்கையிடம் கேட்டாள்.

வீட்டுக்கு வந்து எழுதினேன்: கேரமல் சரியான கசப்பில் நிற்கிறது, பால் வாசனை சுத்தம், பத்துக்கு ஒன்பது. இனி ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? டைரியை அவர் முன்னால் வைத்தேன். நிதானமாகப் படித்தார். போனை எடுத்துப் போடுவார் என்று பார்த்தால், எழுந்துபோய்ச் சட்டையை மாட்டினார்.

"எங்கே கிளம்பிட்டீங்க?"

"பாலத்தடிக்குத்தான். நானும் ஒரு கரண்டி சாப்பிட்டுப் பாத்துட்டு வந்து போடறேன்."